கணக்கில் டாக்டர் பட்டம் கட்டுபடியாகுமா?

ராயபுரம் என்றால் சென்னைக்காரர்களுக்குத் துறைமுகமும் பழைய ரயில் நிலையமும் நினைவுக்கு வரும். இது அந்த ராயபுரம் அல்ல. திருப்பூர் ராயபுரம். பனியன் நகரத்தின் ஒரு பகுதி.

இந்த ஊரில் கணக்குத் தெரியாதவர் யார்? பள்ளிக்கூடப் படியை மிதிக்காதவர்கூட, ஒரு கிலோ துணியில் எத்தனை பனியன் விழும், கழிவு எவ்வளவு போகும், டஜனுக்கு என்ன கூலி கொடுத்தால் கட்டுபடியாகும் என்று விரலை மடக்கிச் சொல்லிவிடுவார். சனிக்கிழமை கூலிக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்ணோ பையனோ எம்.எஸ்சி. கணிதம் தேறிவிட்டு, "மேலே படிக்கிறேன். டாக்டர் பட்டம் வாங்கப் போகிறேன்" என்றால் வீட்டார் திகைக்கிறார்கள்.

"எத்தனை வருசம் ஆகும் கண்ணு?"

"அஞ்சு வருசம் ஆகுமுங்கப்பா."

"முடிச்சா என்ன சம்பளம் வரும்?"

இந்த இரண்டாவது கேள்விக்குப் பல பிள்ளைகளிடம் பதில் இருப்பதில்லை. கேட்பது தகப்பனாரின் பேராசை அல்ல. ஐந்து வருஷம் ஒரு சம்பளம் வராமல் போனால் குடும்பம் என்ன ஆகும் என்று ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து சம்பாதித்தவருக்குத்தான் தெரியும். அவருக்கு நேரான பதில் சொல்ல வேண்டும்.

ஊசி போடாத டாக்டர்

முதலில், அந்தப் பட்டம் என்ன என்று பார்க்கலாம். இது வைத்தியர் பட்டம் அல்ல. பி.எச்டி. என்பார்கள். தமிழில் முனைவர் பட்டம் என்று பெயர்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். பிள்ளை அதைப் போலவே போடுகிறது. கல்லூரியிலும் ஏறக்குறைய அப்படித்தான். விடை முன்பே யாருக்கோ தெரியும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

ஆராய்ச்சியில் அப்படி இல்லை. விடை யாருக்குமே தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தானே விடை காண வேண்டும். அந்த விடை சரி என்று ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிறிய கேள்வியாக இருக்கலாம். ஆனால் புதியதாக இருக்க வேண்டும். இதற்கு வழிகாட்ட ஒரு பேராசிரியர் இருப்பார். கடைசியில் எழுதும் பெரிய கட்டுரையை, வெளியூர்ப் பேராசிரியர்கள் படித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள்.

சோதனைக்கூடம் வேண்டாம். கண்ணாடிக் குழாய் வேண்டாம். காகிதமும் பென்சிலும் போதும். புள்ளி விவர இயல் என்றால் ஒரு கம்ப்யூட்டரும் வேண்டும். ஆனால் ஆறு மாதம் உட்கார்ந்து போட்டது ஒரே நாளில் தப்பென்று தெரியவரும். அதைத் தாங்கிக்கொண்டு மறுநாள் காலையில் மறுபடி உட்காரும் மனம் வேண்டும். இது எந்தக் கடையிலும் கிடைக்காது.

200 உருப்படியின் ரகசியம்

"இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் வேறெங்கும் போக வேண்டாம். பக்கத்துக் கம்பெனியின் செக்கிங் மேஜைக்குப் போனால் போதும்.

வெளிநாட்டு ஆர்டர் ஒன்று. 5,000 பனியன். பெட்டி கட்டியாகிவிட்டது. வாங்குபவரின் ஆள் சோதிக்க வருகிறார். ஐயாயிரத்தையும் பிரித்துப் பார்ப்பாரா? மாட்டார். அங்கொன்றும் இங்கொன்றுமாக 200 உருப்படி எடுப்பார். ஏ.கியூ.எல். 2.5 என்ற முறைப்படி, அந்த இருநூறில் பழுதானது 10 வரை இருந்தால் சரக்குத் தேறியது. 11 இருந்தால் தேறவில்லை. கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு திரும்பவும் மேஜைக்கு வரும். எத்தனையோ முதலாளிகளும் சூப்பர்வைசர்களும் இந்தப் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே தூக்கம் இழந்திருக்கிறார்கள்.

இந்த 200-ம் 10-ம் எங்கிருந்து வந்தன?

கணக்கு இதுதான். சரக்கில் நூற்றுக்கு இரண்டரை வீதம் பழுது இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 எடுத்தால் சராசரியாக 5 பழுது அகப்படும். பத்துக்கு மேல் அகப்படுவது அபூர்வம். நூறு தடவை சோதித்தால் ஏறக்குறைய ஒரு தடவைதான் அப்படி நேரும். ஆகவே நல்ல சரக்கு அநியாயமாகத் திரும்புவது குறைவு. சரி, நூற்றுக்குப் பத்து வீதம் பழுது இருந்தால்? அப்போது 200-ல் சராசரி 20 அகப்படும். பத்துக்குள் அடங்குவது நூறு தடவையில் ஒரு தடவை நேர்ந்தாலே அதிகம். ஆகவே மோசமான சரக்கு தப்பிப் போவதும் குறைவு. விற்பவருக்கும் ஓரளவு பாதுகாப்பு. வாங்குபவருக்கும் ஓரளவு பாதுகாப்பு. 4,800 உருப்படியைப் பிரிக்காமலே!

அமெரிக்காவில் டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த டாட்ஜ், ரோமிக் என்ற இருவர் இந்தச் சோதனை முறைக்கு வழி காட்டினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவம் சாமான் வாங்க இதைக் கையாண்டது. 1950-ல் ராணுவத்துக்கென்று முறையான அட்டவணை வந்தது. இன்று திருப்பூர் செக்கிங் மேஜையில் இருக்கும் அட்டவணை அதன் வாரிசு.

பருத்தி நூலே கணக்குக்கு ஒரு புதிய வழியைக் காட்டியிருக்கிறது. இங்கிலாந்தில் பருத்தித் தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தில் டிப்பெட் என்பவர் வேலை பார்த்தார். நூல் ஏன் அறுகிறது என்பது அவருடைய கவலை. நூலின் பலம் அதன் சராசரியில் இல்லை, மிகவும் மெலிந்த இடத்தில்தான் இருக்கிறது என்று கண்டார். மெலிந்த இடம் எவ்வளவு மெலிந்திருக்கும்? இதற்குக் கணக்கு வேண்டும். 1928-ல் பிஷர் என்ற பெரிய நிபுணருடன் சேர்ந்து அதை எழுதினார். இன்று ஆற்றில் மிகப் பெரிய வெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்று மதிப்பிடவும் அதே வழியைக் கையாளுகிறார்கள். நூல் அறுந்ததைப் பற்றி யோசித்தது அணைக்கட்டுக்கும் உதவுகிறது.

முப்பது ரூபாயும் எழுபத்தைந்து ரூபாயும்

திருப்பூரில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஈரோடு. அங்கேதான் 1887 டிசம்பர் 22-ந் தேதி கணித மேதை ராமானுஜன் பிறந்தார். அவருடைய புகழை எல்லோரும் பாடுகிறார்கள். அவருடைய வரவு செலவை யாரும் பார்ப்பதில்லை.

கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாததால் கும்பகோணத்திலும் சென்னையிலும் அவர் கல்லூரிப் படிப்பு முறிந்தது. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனார். சம்பளம் மாதம் 30 ரூபாய். அவர் வாழ்நாள் முழுவதும் அங்கேயே கணக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கலாம். 1913 மே மாதம் முதல் சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கொடுத்தது. மாதம் 75 ரூபாய். அதை வாங்கப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. ராமானுஜனிடம் எந்தப் பட்டமும் இல்லை. விதியைத் தளர்த்திக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அவர் கப்பல் ஏறியது, 1914-ல். கேம்பிரிட்ஜ் 1916-ல் ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டம் கொடுத்தது. அந்தக் காலத்தில் அங்கே பி.எச்டி. பட்டமே ஏற்படவில்லை. ஆகவே, இன்றைய கணக்குப்படி அது டாக்டர் பட்டத்துக்குச் சமம்.

தெய்வ அருள், மேதாவிலாசம் எல்லாம் இருக்கட்டும். அந்த 75 ரூபாயும் இருந்தது. அதை மறந்துவிட்டு ராமானுஜன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

தொழிற்சாலைக் கணக்குக்கு வந்தவர்

இன்னொருவரைப் பார்க்கலாம். பெயர் சீனிவாச வரதன். 1940-ல் சென்னையில் பிறந்தவர். தகப்பனார் பள்ளிக்கூட ஆசிரியர். வரதன் சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்தார். பிறகு கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்.

எதற்காகச் சேர்ந்தார் தெரியுமா? தொழிற்சாலைகளில் சரக்கின் தரத்தைக் கட்டுப்படுத்தும் கணக்கைக் கற்கத்தான். ஏறக்குறைய திருப்பூர் செக்கிங் மேஜைக் கணக்கு! அங்கிருந்த மற்ற ஆராய்ச்சி மாணவர்களின் சகவாசம் அவரை வேறு பக்கம் இழுத்தது. நிகழ்தகவு என்ற துறையில் இறங்கிவிட்டார். 1963-ல் டாக்டர் பட்டம். வழிகாட்டியவர் சி. ஆர். ராவ். கட்டுரையைப் பரிசீலித்தவர்களில் ஒருவர் ரஷ்யாவின் பெரிய கணித மேதை கோல்மொகோராவ்.

வரதன் ஆராய்ந்தது அபூர்வ நிகழ்ச்சிகளை. நேரவே நேராது போலத் தோன்றுவது எத்தனை தடவைக்கு ஒரு தடவை நேரும் என்பதற்கான கணக்கு. 2007-ல் நார்வே நாடு அவருக்கு ஏபெல் பரிசு கொடுத்தது. கணிதத்துக்கு நோபல் பரிசு கிடையாது. அந்தக் குறையைத் தீர்ப்பது இந்தப் பரிசு.

அவருக்கு வழிகாட்டிய ராவும் லேசுப்பட்டவர் அல்ல. பத்துப் பிள்ளைகளில் எட்டாவது பிள்ளை. அன்றைய சென்னை மாகாணத்து பெல்லாரி ஜில்லாவில் 1920-ல் பிறந்தவர். கணிதத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக் கல்கத்தா போனார். வேலை கிடைக்கவில்லை. புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். உலகப் புகழ் பெற்றார். 1948-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம். 2023-ல், 102 வயதில், சர்வதேசப் புள்ளியியல் பரிசு. அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார்.

இப்போது என்ன கிடைக்கும்?

பழைய கதை போகட்டும். இன்று ராயபுரத்துப் பிள்ளைக்கு என்ன வழி?

மத்திய சர்க்கார் 'நெட்' என்ற பரீட்சை நடத்துகிறது. கணிதமும் புள்ளியியலும் அதில் ஒரே பிரிவு. ஆண்டுக்கு இரு முறை நடப்பது வழக்கம். அதில் முன்னணியில் தேறுகிறவருக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் உண்டு. 2023 ஜனவரி முதல் அது முதல் 2 வருஷம் மாதம் 37,000 ரூபாய். அடுத்த 3 வருஷம் மாதம் 42,000 ரூபாய். கூட்டிப் பாருங்கள். ஐந்து வருஷத்தில் 24 லட்சம் ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி.

தகப்பனாரிடம் சொல்ல வேண்டிய முதல் பதில் இதுதான். இந்த உதவி கிடைத்துவிட்டால் பிள்ளை வீட்டுக்குச் சுமை அல்ல. வீட்டுக்கு ஒரு சம்பளம்.

ஆனால், இந்த உதவி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எழுதுகிறவர்களில் சிறு பகுதிதான் பெறுகிறார்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. தமிழில் படித்து வந்த பிள்ளை, கணக்கோடு ஆங்கிலத்தோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. இது நியாயமா? நியாயமில்லை. இதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டும். கேட்டுக் கிடைக்கும்வரை, பரீட்சைக்குத் தயார் செய்யும் பிள்ளை ஆங்கிலத்தையும் சேர்த்துத்தான் பழக வேண்டும்.

உபகாரச் சம்பளம் மாதம் தவறாமல் கைக்கு வராது என்ற புகாரும் உண்டு. இரண்டு மூன்று மாதத்துக்குக் கையிருப்பு வைத்துக்கொள்வது நல்லது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தமிழக அரசின் ஆராய்ச்சி ஊக்கத்தொகை இருக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது.

படிக்கும் இடத்துக்குப் பஞ்சமில்லை. திருப்பூரிலேயே சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும், பெண்களுக்கு எல்.ஆர்.ஜி. அரசு கல்லூரியும் இருக்கின்றன. கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம். சென்னையில் தரமணி கணித அறிவியல் நிறுவனம் 1962-ல் ஏற்பட்டது. சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் இருக்கிறது. வரதன் படித்த கல்கத்தாக் கழகத்துக்கும் இன்று சென்னையில் கிளை உண்டு.

முடித்த பிறகு? எல்லோரும் நினைப்பது கல்லூரி வாத்தியார் உத்தியோகம். அது கிடைக்க வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதுவரை கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் தொகுப்பூதியத்துக்கு வேலை செய்கிறார்கள். இதை மறைப்பது மோசடி. கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட் அல்லது செட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி, டாக்டர் பட்டம் கட்டாயமல்ல என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஜூலையில் அறிவித்தது. ஆகவே, வாத்தியார் வேலை ஒன்றுக்காகவே ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. புள்ளியியல் படித்தவர்களுக்குக் கதவுகள் அதிகம். இன்ஷூரன்ஸ், பாங்கி, மருந்துக் கம்பெனி, சர்க்கார் புள்ளி விவர இலாகா எல்லாவற்றிலும் ஆள் தேவை.

பெண் பிள்ளை என்றால்

பெண் என்றால் வீட்டில் இன்னொரு கேள்வி எழும். "கல்யாணம் எப்போது?" 23 வயதில் சேர்ந்தால் முடிக்கும்போது 28. பல வீடுகளில் இந்தக் கணக்கிலேயே ஆராய்ச்சி நின்றுவிடுகிறது.

பரிமளா என்ற கணித அறிஞர், சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்தவர். பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து 1976-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1987-ல் பட்நாகர் பரிசு. 2010-ல் உலகக் கணித மாநாடு ஐதராபாத்தில் கூடியபோது, மாநாடு முழுவதும் கூடிக் கேட்கும் பெரிய சொற்பொழிவுகளில் ஒன்று அவருடையது. அவர் பட்டம் பெற்று இத்தனை வருஷம் ஆன பிறகும், பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு கணக்கு என்று கேட்பது அழகல்ல. பெண்ணின் ஓவர்டைம் சம்பளம் மட்டும் கணக்கில் சேருகிறதே!

சட்டமும் இப்போது இடம் கொடுக்கிறது. 2022-ம் ஆண்டு விதிகளின்படி பி.எச்டி.க்குக் குறைந்தது 3 வருஷம். அதிகபட்சம் 6 வருஷம். அதற்கு மேலும் பெண்களுக்கு நீட்டிப்புச் சலுகை உண்டு. பிள்ளைப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்பு உண்டு. மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசும்போது நகைக் கணக்கோடு இதையும் பேசிக்கொள்ளலாம்.

யார் போகக் கூடாது?

எல்லோரையும் ஆராய்ச்சிக்கு அனுப்பு என்று சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல.

பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறவர் போக வேண்டாம். வேலை கிடைக்காததால் பொழுது போக்க நினைக்கிறவர் போக வேண்டாம். கந்துக்கு வாங்கிப் பணம் கட்டித்தான் சேர முடியும் என்றால் கட்டாயம் போக வேண்டாம். ஒரு கணக்கு வரவில்லையென்றால் இரவு தூக்கம் வராமல் புரளும் பிள்ளை எதுவோ, அந்தப் பிள்ளையைத் தடுக்க வேண்டாம்.

சேருமுன் வழிகாட்டியைப் பற்றி விசாரிக்க வேண்டும். பெண் பார்க்க நாலு பேரை விசாரிக்கிறார்கள். ஐந்து வருஷம் கூட இருக்கப்போகும் பேராசிரியரைப் பற்றி ஒருவரையும் விசாரிப்பதில்லை. அவரிடம் முன்பு படித்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். மீதியை 'சோத்கங்கா' என்ற இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக் களஞ்சியத்தில் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் இலவசமாகத் திறக்கிறது. அந்தப் பேராசிரியரிடம் எழுதப்பட்ட கட்டுரைகளில் எத்தனையோ அங்கே கிடைக்கும்.

"கட்டுரை எழுதிக் கொடுக்கிறோம், பணம் கொடுத்தால் போதும்" என்று வரும் விளம்பரங்களை நம்பக் கூடாது. 2018-ம் ஆண்டு விதிப்படி, கட்டுரையில் பிறர் எழுத்து நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்தால் திருத்தி எழுத வேண்டும். நாற்பதுக்கு மேல் போனால் ஒரு வருஷம் தடை. அறுபதுக்கு மேல் போனால் பதிவே ரத்து. பணமும் போகும், பெயரும் போகும்.

பனியன் முதலாளிகளுக்கு ஒரு கணக்கு

கடைசியாக, ஊர்ப் பெரியவர்களுக்கு ஒன்று.

ராமானுஜன் பெயரால் சென்னையில் ஒரு கணித நிலையம் 1950-ல் ஏற்பட்டது. அதை ஏற்படுத்தியவர் சர்க்கார் அல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார். அவர் பஞ்சாலை முதலாளி. கணக்கு ஆராய்ச்சிக்குப் பணம் போட்டால் ஆலைக்கு என்ன லாபம் என்று அவர் கேட்கவில்லை. 1957-ல் அவர் மறைந்த பிறகு நிலையத்துக்குக் கஷ்டம் வந்தது. சென்னைச் சர்வகலாசாலை ஏற்று நடத்தியது. இன்றும் சேப்பாக்கத்தில் ராமானுஜன் பெயர் தாங்கி அது நடக்கிறது. கோவையிலும் ஆலை முதலாளிகள் கூடி 1956-ல் 'சிட்ரா' என்ற ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் அமைத்தார்கள்.

ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூர், கணித ஆராய்ச்சிக்கு ஓர் உபகாரச் சம்பளம் கொடுக்கக் கூடாதா? மாதம் 37,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 4,44,000 ரூபாய். இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தால் 8,88,000. ஏற்றுமதியாளர்கள் சேர்ந்தால் ஆளுக்கு எவ்வளவு விழும் என்பதை அவர்களே விரல் மடக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

நெட் பரீட்சையில் நூலிழையில் தவறிய பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை போடலாம். ஆராய்ச்சியின் ஒரு பகுதி இந்த ஊர்க் கணக்காக இருக்க வேண்டும். ஒரே சாயத்தில் போட்ட துணி லாட்டுக்கு லாட் ஏன் நிறம் மாறுகிறது? துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்பதை எத்தனை துண்டு சோதித்தால் நம்பலாம்? எந்த மிஷினில், எந்த ஷிப்டில், எந்தப் பழுது அதிகம்? முதல் வேலைக்கு இவற்றில் எதைக் கொடுப்பது என்று செக்கிங் மேஜையில் நிற்கும் பெண்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.